ஏழு ஷில்லிங்

என் மகளுக்குப் போன மாதம் 21 வயது முடிந்தது. அதனாலோ என்னவோ, இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனைப் பற்றி வாசித்ததில் ஒரு தேதி மனதை விட்டுப் போகவே இல்லை. 1941 ஏப்ரல் 19. அன்றுதான் 1920-ல் பிறந்த பெண்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய்ப் போர்க்கால வேலைக்குப் பெயர் பதிந்தார்கள். கிட்டத்தட்ட என் மகள் வயதுதான்.

அந்த டிசம்பரில் கட்டாய சேவைச் சட்டமே வந்துவிட்டது. 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்கள், பிள்ளையில்லாத விதவைகள் எல்லாருக்கும். படையின் துணைப்பிரிவு, குடிமைப் பாதுகாப்பு, தொழிற்சாலை என்று ஏதாவது ஒன்றுக்குப் போயாக வேண்டும். எதிரே நின்றது ஹிட்லர். அழைத்ததைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் போய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் அழைத்த பிறகு அவர்களை எப்படி மதித்தார்கள் என்று பாருங்கள். போர் தொடங்கியபோது விமானத் தாக்குதல் காவல் பணியில் முழுநேரமாகச் சேர்ந்த ஆணுக்கு வாரம் 3 பவுண்டு, பெண்ணுக்கு 2. விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் எதிரி விமானத்தின் உயரத்தையும் போக்கையும் கருவியில் கணித்துச் சொன்னவர்கள் பெண்கள். பீரங்கியைச் சுட்டவர்கள் ஆண்கள். பெண்ணுக்குச் சம்பளம் மூன்றில் இரண்டு பங்கு.

சரி, சம்பளத்தையாவது விடுவோம். குண்டு விழுந்து காயம்பட்ட பொதுமக்களுக்கு அரசு கொடுத்த இழப்பீட்டிலும் பெண்ணுக்கு வாரம் 7 ஷில்லிங் (அன்று 20 ஷில்லிங் ஒரு பவுண்டு) குறைவு! ஒரே தெரு, ஒரே குண்டு, இருவருக்கும் கால் போயிருக்கிறது. அவள் காலுக்கு மட்டும் விலை குறைவா? இதை வாசித்த அன்று எனக்கு அப்படி ஒரு கோபம். 1942-ல் இரவு நேரத் தீக்காவலையும், அதாவது தீக்குண்டு விழுகிறதா என்று கூரையிலிருந்து பார்த்து அணைக்கும் வேலையையும், பெண்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். கூரைமேல் நிற்கச் சொல்லும் சட்டம் ஒரு பக்கம், விழுந்தால் குறைத்துக் கொடுக்கும் சட்டம் இன்னொரு பக்கம்.

கன்சர்வேட்டிவ் கட்சியின் மேவிஸ் டேட், லேபர் கட்சியின் ஈடித் சம்மர்ஸ்கில் போன்ற பெண் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து நின்று இதை எதிர்த்தார்கள். அரசு விடாப்பிடியாக மறுத்தது. இழப்பீட்டில் விட்டுக்கொடுத்தால் நாளை சமச் சம்பளம் கேட்பார்களே என்ற பயம். 1943-ல்தான் இழப்பீடு சமமானது.

அவர்கள் பயந்தபடியே அடுத்த கேள்வியும் வந்தது. 1944 மார்ச்சில் ஆசிரியைகளுக்குச் சமச் சம்பளம் கேட்ட திருத்தம் 117-க்கு 116 என்று ஒரே ஒரு வாக்கில் ஜெயித்தது. சர்ச்சில் அதை நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றி, இரண்டே நாளில் தோற்கடித்தார். போர் இன்னும் முடியவில்லை. பெண்கள் அப்போதும் தொழிற்சாலைகளில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

பொதுவான சமச் சம்பளச் சட்டம் 1970-ல் இயற்றப்பட்டு, 1975 கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஏப்ரல் நாளில் பெயர் பதிந்த பெண்களுக்கு அப்போது வயது 55.