நின்று கொல்லும் தெய்வம் எத்தனை ஆண்டு நிற்கும்?

"அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்" என்று சொல்லிச் சொல்லியே என் பாட்டி என்னை வளர்த்தார். அந்த நம்பிக்கையில்தான் இன்றும் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் சன்னிதிக்குப் போகிறேன். ஆனால் போபாலை நினைக்கும்போதெல்லாம் 'நின்று' என்ற அந்த ஒரு சொல் எனக்கு நெஞ்சில் இறங்க மறுக்கிறது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில், போபாலில் இருந்த, அமெரிக்க நிறுவனமான யூனியன் கார்பைடின் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் வாயு வெளியேறி, சுற்றியிருந்த குடிசைகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்களின் மூச்சில் கலந்தது. ஆலையில் திரவமாகச் சேமிக்கப்பட்டிருந்த அந்த நஞ்சைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய இயந்திரம் பல மாதங்களாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரமும் இயங்கும் நிலையில் இல்லை. உடனடியாக இறந்தோர் என்று முதலில் அரசு சொன்ன கணக்கே 2,259.

நிறுவனத்தின் தலைவர் வாரன் ஆண்டர்சன் டிசம்பர் 7 அன்று போபாலில் கைதாகி, அன்றே பிணையில் விடுவிக்கப்பட்டு, அரசு விமானத்திலேயே டெல்லிக்கு அனுப்பி வைக்கப்பட்டார். அதன்பின் வழக்கு விசாரணைக்கு அவர் வரவே இல்லை. 2014-இல், 92 வயதில், ஃபுளோரிடாவில் இயற்கையாக இறந்தார். 2010-இல் தண்டிக்கப்பட்ட இந்திய அதிகாரிகள் எழுவருக்கும் இரண்டு ஆண்டுச் சிறைதான்; அவர்களுக்கும் அன்றே பிணை கிடைத்தது.

அதே இரவில் போபால் ரயில் நிலையத்தில் பணியிலிருந்த குலாம் தஸ்தகீர், பயணிகள் நிறைந்த விரைவு வண்டியைக் குறித்த நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பியதோடு, தாம் நிலையத்தை விட்டு நகராமல் உதவிக்கு ஆள் அனுப்பச் சொல்லிப் பிற நிலையங்களுக்குச் செய்தி கொடுத்துக்கொண்டே இருந்தார். எத்தனையோ உயிர்களைக் காத்த அந்த மனிதர், சுவாசித்த நஞ்சின் நோயோடு வாழ்ந்து 2003-இல் மறைந்தார். இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில், தராசு யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

முன்வினை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. இந்த விளக்கத்தின் மீது இல்லை. காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தவழ்ந்தது. ஆகவே உயரம் குறைந்த குழந்தைகள் அதை அதிகமாகச் சுவாசித்தார்கள். அந்தக் குழந்தைகள் செய்த பிழை குள்ளமாக இருந்தது மட்டும்தான். அவர்களின் சாவுக்கு அவர்களையே பொறுப்பாக்கும் ஒரு கணக்கு, ஆலையைச் சரிவர நடத்தாதவர்களைத்தான் காப்பாற்றுகிறது.

கன்றை இழந்த பசு மணியை அசைத்ததும் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று படித்து வளர்ந்தோம். போபால் மக்கள் நீதி கேட்டு டெல்லி வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்தார்கள், 2006-இல் ஒருமுறை, 2008-இல் மறுமுறை. நடந்தவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள்.

வரும் வெள்ளிக்கிழமையும் நான் கோயிலுக்குப் போவேன். எனக்கென்று எதையும் வேண்டப்போவதில்லை; தாயே, அவர்கள் நடந்தபோது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய் என்று மட்டும் கேட்கப்போகிறேன்.