அறிக்கை எங்கேய்யா?

18 வயது நிரம்பாத பிள்ளைகள் மேல் வரும் குற்ற வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் அரசுத் தரப்பில் நின்று இன்னொரு வாய்தா கேட்க எனக்கு வாயே வரவில்லை. சிறுவனை முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை, அதாவது பிள்ளையின் வீடு, படிப்பு, சூழலை விசாரித்து எழுதும் அறிக்கை, வர வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். வருகிறதா? வந்தாலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பத்தி, பெயர் மட்டும் வேறு. “தந்தை கூலித் தொழிலாளி. தீய நட்பு.” அவ்வளவுதான்! வீட்டுப் படியை மிதித்தார்களா? படிப்பை ஏன் விட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? அப்புறம் வயதுச் சான்று. பள்ளியில் ஒரு தேதி, நகராட்சியில் வேறு தேதி. அதற்கொரு இழுபறி. 4 மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும், கோப்பே இன்னும் முழுசாக வந்து சேரவில்லை! இதற்குள் அவனுக்குப் பரீட்சையும் போய்விட்டது. அந்த வருஷத்தை யார் திருப்பித் தருவார்கள்?