கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது பாளையங்கோட்டையில் இல்லை

அண்ணாச்சி, பாளையங்கோட்டை கோட்டைக்குள் இருந்த பொட்டலில்தான் கட்டபொம்மனை ஊரைக் கூட்டித் தூக்கிலிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில், ஒரு புளியமரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். கிழக்கிந்தியக் கும்பெனியின் படைத் தலைவர் மேஜர் பானர்மேன் மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண் முன்னாலேயே தீர்ப்பை நிறைவேற்றினார். அந்த வழியே போனவர்கள் மரியாதைக்காக ஆளுக்கொரு கல்லாகப் போட்டுப் போட்டு, அங்கே ஒரு கற்குவியலே உண்டானது. நினைவிடமும் கயத்தாறில்தான் இருக்கிறது.

குழப்பம் எங்கே வருகிறது என்று புரிகிறது. பாளையங்கோட்டை கோட்டையில் அடைபட்டிருந்தது அவருடைய தம்பி ஊமைத்துரையும் அவரைச் சேர்ந்தவர்களும். கோட்டையில் அம்மை கண்டதால் கைதிகளின் விலங்கைக் கழற்றியிருந்தார்கள். 1801 பிப்ரவரி 2 மாலை, வெள்ளைக்கார அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்திருந்த நேரம். மாறுவேடத்தில் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு வந்த ஆட்கள் காவலர்களை மடக்கி, எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அப்புறம் இரவோடு இரவாகக் கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓட்டம். கும்பெனியார் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த அந்த ஊர்க் கோட்டையைச் சில நாளில் மறுபடியும் எழுப்பினார்கள். அதைப் பிடிக்கக் கும்பெனிப் படைக்கு மே மாதம் வரை ஆனது.

நம் பிள்ளைகள் பாளையங்கோட்டையைத் தூக்குமேடையாக நினைத்து வளரக்கூடாது அண்ணாச்சி. அது ஊமைத்துரை தப்பித்த இடம். பதிவைத் திருத்திவிடுங்கள்.