பிசி (போலீஸ் கான்ஸ்டபிள்) தேர்வு: அந்த 25 கேள்விகளை ஏன் விட்டுவிடுகிறோம்?

காவலர் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

விடியற்காலையில் எங்கள் பக்கத்துப் பள்ளி மைதானம் எதற்குப் போனாலும் பையன்கள் கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். கயிறு கட்டி ஏறுவார்கள், மணலில் தாண்டுவார்கள். அந்த உழைப்பைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் "உளவியல் பகுதி எதுவரைக்கும் பார்த்திருக்கே?" என்று கேட்டால், "அதைக் கடைசியில பாத்துக்கலாம்ணே" என்பதுதான் பெரும்பாலும் பதில். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வின் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 100 மதிப்பெண். அதில் எழுத்துத் தேர்வுக்கு மட்டும் 70. கயிறு, தாண்டுதல், ஓட்டம் போன்ற உடல்திறன் போட்டிகளுக்கு 24. என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. ஆண்கள் ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டிய 1500 மீட்டர் ஓட்டமும், பெண்கள் இரண்டரை நிமிடத்தில் முடிக்க வேண்டிய 400 மீட்டர் ஓட்டமும் வெறும் தகுதிக்குத்தான். அவற்றுக்கு மதிப்பெண்ணே கிடையாது. எழுத்துத் தேர்வில் மேலே வந்தவர்களைத்தான் கிரவுண்டுக்கே கூப்பிடுகிறார்கள். இரண்டு வருடம் ஓடிப் பழகிய பையன், ஓடிக் காட்ட வாய்ப்பே கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

அந்த 70 கேள்விகளில் 45 பொது அறிவு, 25 உளவியல். 'உளவியல்' என்ற பெயரைப் பார்த்துப் பலரும் ஏதோ மனநல மருத்துவம் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது வேறு: எண் தொடர், திசை, ரத்த உறவு, குறியீடு, வயதுக் கணக்கு, சதவீதம், வட்டி, அட்டவணையைப் பார்த்து விடை சொல்வது. வடக்கே 5 கிலோமீட்டர் நடந்து, வலப்பக்கம் திரும்பி 12 கிலோமீட்டர் போனவர் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? படம் போட்டால் பிதாகரஸ் தேற்றம், விடை 13. பத்தாம் வகுப்புப் பையனால் போட முடியாத கணக்கா இது? தினமும் ஒரு மணி நேரம் விடாமல் போட்டுப் பார்த்தால் மூன்று மாதத்தில் கை வந்துவிடும். பொது அறிவில் எவ்வளவு படித்தாலும் படிக்காத இடத்திலிருந்து ஒரு கேள்வி வரத்தான் செய்யும். உளவியலில் கேள்வி வகைகள் குறைவு, திரும்பத் திரும்ப அவையேதான் வருகின்றன.

இன்னொன்றும் எனக்குத் தோன்றும். காவல் நிலையத்தில் உட்காரப்போகிறவருக்கு இந்த 25 கேள்விகள்தான் வேலைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவை. யார் யாருக்கு என்ன உறவு, எந்தப் பக்கமாகப் போனார், சொன்ன நேரமும் தூரமும் ஒத்துவருகிறதா என்று தினமும் யோசிக்க வேண்டிய வேலை அது.

பொது அறிவுக்கு வருவோம். டெலிகிராமில் வரும் ஒரு வரி வினா விடைப் பிடிஎஃப்களை மட்டும் நம்பிப் படிப்பது எனக்கு உடன்பாடில்லை. அரசியலமைப்பில் வரும் "சட்டப்பிரிவு 22, கைது தொடர்பான பாதுகாப்பு" என்பதை ஒரு வரியாக மனப்பாடம் செய்கிறார்கள். கைது செய்தவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு என்பதெல்லாம் அந்தப் பிரிவுக்குள் இருக்கிறது. நாளைக்கு இந்தப் பிள்ளைகள் கையில்தான் அந்தச் சட்டப்பிரிவு உயிரோடு இருக்கப்போகிறது. இன்றைக்கே புரிந்து படித்தால் தேர்வுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

இது தவிரத் தனியாக ஒரு தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு, அதில் 80க்கு 32 வாங்கினால் போதும். அது தரவரிசைக்குச் சேராது. ஆனால் அந்த 32 வராவிட்டால், மேலே சொன்ன 70 மதிப்பெண் முதன்மைத் தேர்வின் விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இலக்கணப் பகுதியை ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

அப்புறம், பெண்பிள்ளைகள். மைதானத்துக்கு அனுப்ப ஒருவழியாகச் சம்மதிக்கும் வீட்டில்கூட, மாலையில் இரண்டு மணி நேரம் தொந்தரவில்லாமல் படிக்க விடுவதில்லை. தண்ணீர் பிடிக்க, தம்பியைப் பார்த்துக்கொள்ள, சமையலுக்கு உதவ என்று அந்த நேரம் கரைந்துபோகிறது. அண்ணன் தேர்வுக்குப் படிக்கும்போது யாராவது அவனைக் கடைக்கு அனுப்புகிறோமா? இது சரியில்லை என்று அந்த அப்பா அம்மாவிடம் நேரடியாகவே சொல்வேன். மகளுக்கும் அதே கேள்வித்தாள்தான், அதே 80 நிமிடம்தான்.

பயிற்சி மையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நகையை அடகு வைத்துச் சேர்க்கும் முன் இலவசமாக இருப்பதை முதலில் பயன்படுத்துங்கள் என்கிறேன். ஒவ்வொரு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. அங்கே போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்புகள் நடத்துகிறார்கள். பள்ளிப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பழைய கேள்வித்தாள்களைத் தேடி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை அணைத்து வைத்துவிட்டு, 80 நிமிடத்தில் 70 கேள்விகளையும் முடித்துப் பாருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விட வேண்டாம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாலை நேரத்தில் சில பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். போனில் பார்த்தே படிப்பதால் கண் எரிகிறது என்கிறார்கள். ஆறிலிருந்து பத்து வரைக்குமான தமிழ், அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்கள் உங்கள் வீட்டில் சும்மா கிடந்தால் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர் நூலகத்தில் கொடுங்கள். எங்களுக்கு அனுப்ப முடியுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம்.