லேபிள்தான் பாலியெஸ்டராம்!

"ஒரிஜினல் சாட்டின் பட்டு, அக்கா." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தீபாவளி நெருங்கினால் போதும், மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பளபளப்பதெல்லாம் பட்டாகிவிடுகிறது.

மகளுக்குப் பாவாடை சட்டை. விலை 280 வெள்ளி. "தடவிப் பாருங்கள் அக்கா, எவ்வளவு வழவழப்பு!" என்றான் கடைப் பையன். வழவழப்புதான், யார் இல்லை என்றது?

"நூல் எது, தம்பி?"

"சாட்டின், அக்கா."

"சாட்டின் நெசவப்பா. நூல்?"

"பட்டு மாதிரியே இருக்கும்."

"மாதிரியா, பட்டேதானா?"

"சாட்டின் பட்டு, அக்கா."

இட்லிக்கு என்ன மாவு என்று கேட்டால், வட்டமாக இருக்கிறது பாருங்கள் என்கிற கதை! பட்டு, புழு தந்த நூல். சாட்டின் என்பதோ நெய்கிற விதம். நீளவாக்கில் ஓடும் பாவு நூலை, குறுக்கே போகும் நான்கு ஊடை நூலுக்கு மேல் மிதக்கவிட்டு, ஒன்றுக்கு மட்டும் அடியில் நுழைத்தால் முகப்பு மின்னும், பின்பக்கம் மங்கும். பட்டிலும் அப்படி நெய்யலாம். நைலான், ரேயான், பாலியெஸ்டரிலும் நெய்யலாம். கடைகளில் தொங்குவது பெரும்பாலும் கடைசி ரகம்.

பாவாடையைத் திருப்பினேன். உள்தையலில், கத்தரிக்குத் தப்பிய பாதி லேபிள்: 100% பாலியெஸ்டர். நீட்டிக் காட்டினேன். கண் இமைக்காமல் சொன்னான்: "அது லேபிளுக்கு, அக்கா. லேபிளைப் பாலியெஸ்டரில்தான் செய்வார்கள்."

எனக்குப் பேச்சே எழவில்லை.

முதலாளி வந்தார். "ஓரத்தில் ஒரு நூல் உருவிக் கொடுங்கள், கொளுத்திப் பார்ப்போம். பட்டானால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டரானால் உருகி மணியாக இறுகும்" என்றேன். கடையையே கொளுத்த வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கடைக்குள் நெருப்பு கூடாதம்மா." அவர் தலைக்குப் பின்னால், சாமி படத்துக்கு முன், ஊதுபத்தி ஜம்மென்று புகைந்துகொண்டிருந்தது.

பாலியெஸ்டர் பாவமில்லை. பாலியெஸ்டர் என்று சொல்லி அதற்குரிய விலைக்குக் கொடுத்தால் நானே வாங்குவேன். இயந்திரத்தில் போட்டுத் துவைக்கலாம். ஆனால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதை உடுத்திக்கொண்டு கோயில் வரிசையில் நின்று பாருங்கள். பட்டு வியர்வையை உறிஞ்சும். இது முதுகோடு ஒட்டிக்கொள்ளும். என் பக்கத்தில் நின்ற அக்கா, செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கிச் சேர்த்த பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அவரிடமும் அதே "ஒரிஜினல்". வயிறு எரியாதா?

போகட்டும் என்று வேறு கடையில் பருத்தித் துணி வாங்கித் தையற்காரம்மாவிடம் போனேன். தீபாவளி ஆர்டர் முடிந்துவிட்டதாம், பொங்கலுக்குத் தருகிறாராம். எந்தப் பொங்கலுக்கு அம்மா? போன பொங்கலுக்குக் கொடுத்த ரவிக்கையே இன்னும் உங்கள் அலமாரியில்தானே தூங்குகிறது!