“இவன் இங்க வந்தா, அவன் அங்க போவான்”

ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்த செஸ் வகுப்பின் ஒலிப்பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பேசுவது நான்தான். “இப்போ இவன் இங்க வந்தான்னா, இவனுக்கும் அவனுக்கும் சேர்த்து அடி. அவன் எங்க போவான்? இங்கயும் போக முடியாது, அங்கயும் போக முடியாது. சரி, இதை எடுத்தா? அதான், இதுல வந்து உக்காந்துருவான்.” நடத்தும்போது பிரமாதமாக நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்த இடம் அது. கேட்கும்போது எவன் எங்கே வந்தான், யாருக்கு அடி, ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் காய்களைப் போர்டில் அடுக்கியதே நான்தான். எனக்கே இந்தக் கதி.

ஒலிப்பதிவு செய்யக் காரணம், வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். பிறவியிலேயே பார்வை இல்லை. முதல் வகுப்பு முடிந்ததும், “புரிஞ்சுதா தம்பி?” என்று கேட்டேன். “நல்லா இருந்துச்சு சார். ஆனா இவன், அவன்னு சொன்னீங்களே, அதெல்லாம் யாரு சார்?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ராத்திரி படுக்கும்போதுதான் சுருக்கென்றது. ஒன்றரை மணி நேரம் அந்தப் பையன் வெறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று பள்ளியில் படித்திருப்போம். அவன், இவன், அது, இது, அங்கே, இங்கே எல்லாம் அதிலிருந்து வருபவை. சுட்டு என்றாலே விரல் நீட்டுவதுதான். நீட்டிய விரல் தெரியாதவருக்கு அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை. நம் ஊர் செஸ் வீடியோக்களையும் வகுப்புகளையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் சுட்டுச் சொற்களாகவே ஓடும். அதில் ஒரு கலகலப்பு இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். குதிரையை ‘இவன்’ என்று சொன்னால் அது பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் பார்வையில்லாத மாணவரை வகுப்புக்குள்ளேயே உட்கார வைத்து வெளியே நிறுத்துவதும் அதே ‘இவன்’தான்.

பார்வையற்றவர்களுக்குச் செஸ் சொல்லித்தர வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, “அதுக்குத் தனி போர்டு கிடைக்குமா?” என்பது. கிடைக்கும். அந்தப் பிரச்சினை தீர்ந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, ஒவ்வொரு காய்க்கும் அடியில் ஒரு முளை. கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் மேடாக இருக்கும். கறுப்புக் காய்களின் தலையில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஓர் அடையாளம். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளிலேயே இந்தப் போர்டு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குறைந்தது 20 செ.மீ.க்கு 20 செ.மீ. இருக்க வேண்டும் என்பது வரை.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. சாதாரண ஆட்டத்தில் காயைத் தொட்டால் ஆடியே தீர வேண்டும். பார்வையில்லாதவருக்கோ தொடுவதுதான் பார்ப்பது. அதனால் அவர் எத்தனை முறை தடவினாலும் கணக்கில்லை, துளையிலிருந்து காயை வெளியே எடுத்தால்தான் ‘தொட்டதாக’ அர்த்தம். இவ்வளவு தெளிவாக யோசித்து எழுதியவர்கள் அந்த உலகத்தை உள்ளே இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பார்த்துத்தான் இருக்கிறார்கள். ரெஜினால்ட் பொனாம் என்ற ஆங்கிலேயர், பார்வையற்றவர், கணித ஆசிரியர். 1934-லேயே பிரெயிலில் ஒரு செஸ் பத்திரிகை தொடங்கியவர். பார்வையற்றோருக்கான செஸ் ஒலிம்பியாட் 1961-இல் ஜெர்மனியின் மெஷெடெ நகரில் முதன்முதலாக நடந்தது. அவர்களுடைய சர்வதேச அமைப்பான ஐபிசிஏவின் அணி, எல்லா நாடுகளும் மோதுகிற பொது ஒலிம்பியாடிலும் ஓர் அணியாகவே களமிறங்குகிறது. ஆக, ஆட வழி இருக்கிறது, விதி இருக்கிறது, போட்டி இருக்கிறது. பாடம் நடத்துகிற நாம்தான் இன்னும் விரலை நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

செஸ்ஸில் இதற்குச் சாக்கும் சொல்ல முடியாது. கிரிக்கெட்டில் ஒரு கவர் டிரைவை வாயால் விளக்கச் சொன்னால் திணறுவோம். செஸ்ஸில் 64 கட்டத்துக்கும் பெயர் இருக்கிறது: இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்து, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண், இரண்டும் சேர்ந்தால் இ4 மாதிரி ஒரு பெயர். ஒரு முழு ஆட்டத்தையும் ஒன்று விடாமல் வாயால் சொல்லி முடித்துவிடலாம், கடிதத்தில் எழுதி அனுப்பலாம், அப்படித்தான் ஒரு காலத்தில் ஊர் விட்டு ஊர் ஆடினார்கள். இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு “இங்க வெச்சா” என்று சொல்வதை வெறும் சோம்பல் என்றுதான் சொல்வேன். என்னுடையதையும் சேர்த்துத்தான்.

சரி, கட்டத்தின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். அதிலும் ஒரு சிக்கல். பி, சி, டி, இ, ஜி. எட்டு வரிசையில் ஐந்தின் ஓசை ஒரே மாதிரி முடிகிறது. விசிறி ஓடுகிற அறையில் பி4-க்கும் டி4-க்கும் வித்தியாசம் தெரியாது. ‘ஏ எட்டு’ என்பதும் ‘எச் எட்டு’ என்பதும் போனில் கேட்டால் ஒன்றேதான். இதற்கும் விதிப்புத்தகத்தில் வழி இருக்கிறது: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்டாவ், ஹெக்டர். ஏ முதல் எச் வரை வரிசைக்கு ஒரு பெயர். இ4 என்பது ஈவா நாலு. எண்களையும் காய்களின் பெயர்களையும்கூட ஜெர்மன் மொழியில் சொல்லச் சொல்கிறது விதி, நடுவர் வேறு மாதிரி முடிவு செய்யாத வரை. நாங்கள் எண்ணைத் தமிழிலேயே வைத்துக்கொண்டோம், வரிசைப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். ‘அன்னா ரெண்டு’ என்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அண்ணா ரெண்டுன்னா தம்பி எங்க சார்?” என்று ஒரு வாரத்துக்கு ஓடியது.

தமிழில் நாமே எட்டுப் பெயர் வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்குப் போட்டிக்குப் போனால் அங்கே அன்னாவும் பெல்லாவும்தான் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு தடவை மனப்பாடம் செய்யும் வேலை எதற்கு?

இதைவிடப் பெரிய தவறு ஒன்றை நான் செய்தேன். அவசரம். பார்க்கிறவருக்குப் படத்தைக் காட்டினால் ஒரே பார்வையில் மொத்த நிலையும் உள்ளே போய்விடும். கேட்கிறவர் ஒவ்வொரு காயாக வாங்கி, தன் போர்டில் தடவி, துளையைக் கண்டுபிடித்துச் செருகி, அப்புறம் எல்லாவற்றையும் ஒருமுறை கையால் சுற்றி வர வேண்டும். நான் இருபது காயைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, “சரி, வெள்ளைக்கு என்ன நல்ல நகர்வு?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் அப்போது ஆறாவது சிப்பாயைக் கையில் வைத்திருந்தான்.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். முதலில் இரண்டு ராஜாக்கள். அடுத்து வெள்ளைச் சிப்பாய்கள், ஏ வரிசையிலிருந்து எச் வரை, அதே மாதிரி கறுப்பு. சிப்பாய்கள் நின்றுவிட்டால் மண்டபத்தில் தூண் நட்ட மாதிரி, மற்ற காய்கள் எந்த இடத்தில் வந்தாலும் நினைவில் நிற்கும். பிறகு ராணி, யானை, பிஷப், குதிரை. எல்லாம் சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். அந்த அமைதிதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நிமிடம் பேசாமல் இருப்பது ஆசிரியராகப்பட்டவனுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போது தெரிந்தது. அவன் கைகள் இரண்டும் போர்டின் இரு ஓரத்தில் கிளம்பி, காய்களின் தலையை லேசாகத் தட்டிக்கொண்டே நடுவில் வந்து சேரும். ராஜா இருக்கும் இடத்தில் மட்டும் விரல் கொஞ்சம் நிற்கும். சுற்றி என்ன இருக்கிறது என்று ஒருமுறை தடவிவிட்டு, தலையை ஆட்டுவான். அதுதான் எனக்கு சிக்னல்.

அந்த நேரத்தில் உதவுகிறேன் என்று அவன் கையைப் பிடித்து இழுத்து ஒரு கட்டத்தில் வைக்கக் கூடாது. ஆரம்பத்தில் இரண்டு முறை செய்தேன். நாம் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினால் எப்படி இருக்கும்? அதேதான்.

கிளை நகர்வுகளைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். “இப்படிப் போனா இது, அப்படிப் போனா அது” என்று நாலு நகர்வு உள்ளே போய்விட்டு, திடீரென்று மூல நிலைக்குத் தாவினால் கேட்கிறவர் நடுக்காட்டில் நிற்பார். “திரும்ப 14-ஆவது நகர்வுக்கு வர்றோம், கறுப்பு குதிரை ஃபெலிக்ஸ் ஆறில் இருக்கு” என்று ஒரு வாக்கியம் போதும். முடிந்தால் இரண்டு போர்டு கொடுங்கள். ஒன்று ஆட்டத்துக்கு, ஒன்று கலைத்துப் பார்ப்பதற்கு.

காலிப் போர்டுக்கும் நேரம் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டி ஓடுகிற வகுப்புகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேடும் பள்ளமும் மாறி மாறி வருவதால், ஏ1-இலிருந்து எச்8 வரை விரலைச் சாய்வாக இழுத்தால் மேட்டில் மட்டுமே நடந்து போகலாம். பிஷப்பின் பாதை விரலிலேயே பதிந்துவிடும். அப்புறம் ஒரு கணக்கு: ஏ-வை 1, பி-யை 2 என்று எண்ணிக்கொண்டு, கட்டத்தின் பெயரில் இருக்கும் எண்ணோடு கூட்டுங்கள். ஒற்றைப்படை வந்தால் வெள்ளைக் கட்டம், இரட்டைப்படை வந்தால் கறுப்பு. இ4 என்றால் ஐந்தும் நாலும் ஒன்பது, வெள்ளை. குதிரை ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறும். எஃப்3-இல் இருக்கும் குதிரைக்கு எட்டு இடம், எட்டும் கறுப்பு: இ1, ஜி1, டி2, எச்2, டி4, எச்4, இ5, ஜி5. இதைப் போர்டே இல்லாமல் விளையாடலாம். எங்கள் வகுப்பில் கண் நன்றாகத் தெரிகிற பிள்ளைகள்தான் இதில் தோற்கிறார்கள்.

“எல்லோருக்கும் பயன்படுகிறது பாருங்கள்” என்று இந்த இடத்தில் ஒரு வாதம் வைப்பார்கள். உண்மைதான், பயன்படுகிறது. ஆனால் அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு பைசா லாபம் இல்லாவிட்டாலும் அவனுக்குப் பாடம் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு கதையும் உண்டு. “பார்வை இல்லாதவங்களுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி, எல்லாம் மனசுலயே ஓடும்.” கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுவதைக் காட்டி இப்படிச் சொல்வார்கள். அப்படி ஆடிப் பேர் வாங்கியவர்கள் பெரும்பாலும் பார்வையுள்ளவர்கள். பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆடினார். 2016-இல் கிராண்ட்மாஸ்டர் திமூர் கரேயெவ் ஒரே நேரத்தில் 48 பேரோடு ஆடினார். அது வருடக்கணக்கான பயிற்சி. பார்வை போனால் இலவசமாக வந்து சேர்கிற வரம் இல்லை. நேற்று சேர்ந்த பிள்ளையிடம் போர்டு கொடுக்காமல் “நீ மனசுலயே வெச்சுக்கோ” என்பது பாராட்டு மாதிரி இருக்கும், உண்மையில் கை கழுவுவது.

கொஞ்சமாகப் பார்வை உள்ளவர்களை இதில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். போட்டிகளில் பார்வையின் அளவைப் பொறுத்து பி1, பி2, பி3 என்று (இவை கட்டத்தின் பெயர்கள் இல்லை) மூன்று பிரிவு இருப்பதே அவர்கள் பலவகை என்பதால்தான். ஒருவருக்கு நடுவில் மட்டும் தெரியும், ஓரம் தெரியாது. இன்னொருவருக்கு நேர் எதிர். பளபளக்கும் போர்டில் விளக்கு வெளிச்சம் பட்டால் சிலருக்கு எல்லாமே மறைந்துவிடும். இவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடலாம். எழுத்தைப் பெரிதாக்குவதுதான் வழி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து, “பெருசா இருந்தா பாதி போர்டுதான் சார் தெரியும், சின்னதே போதும்” என்றாள்.

இணையத்தில் நிலைமை கலவைதான். இணையத்தில் செஸ் ஆடுகிற லிசெஸ் தளத்தில் பார்வையற்றோருக்கென்றே ஒரு முறை இருக்கிறது. திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கிற என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பானோடு நகர்வைத் தட்டி ஆடலாம், கடைசி நகர்வு என்ன, கடிகாரத்தில் எவ்வளவு நேரம், குதிரைகள் எங்கே என்று எழுத்தைத் தட்டிக் கேட்கலாம். மின்னூல்கள்தான் மோசம். காய்களுக்குக் குட்டிப் படம் போடுகிற எழுத்துருவைத் திரைவாசிப்பான் எதையோ உளறி வாசிக்கும், போர்டுப் படங்களை அப்படியே தாண்டிப் போகும். படத்துக்குக் கீழே ‘வெள்ளை: ராஜா ஜி1, யானை இ1’ என்று இரண்டு வரி சேர்த்தால் முடிந்தது. வீடியோ போடுகிற நண்பர்களே, அம்புக்குறி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போடும்போது கட்டத்தின் பெயரையும் வாயால் சொல்லிவிடுங்கள். ‘இவன்’ என்பதையும் விட வேண்டாம். “இவன், இந்த ஜி5 குதிரை” என்றால் கலகலப்பும் போகாது.

நேற்றைய வகுப்பில் அவனோடு ஆடினேன். “பிஷப், டேவிட் ஆறு” என்று சொல்லிவிட்டு என் போர்டில் காயை வைத்தேன். அவன் நகர்வைத் திருப்பிச் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “சார், உங்க கறுப்புக் கட்ட பிஷப்பை நான் எப்பவோ எடுத்துட்டேனே” என்றான். குனிந்து பார்த்தேன். நான் சொன்னது டி6, நாலும் ஆறும் பத்து, கறுப்பு; வைத்திருந்தது டி5-இல். நாலும் ஐந்தும் ஒன்பது, வெள்ளை. நாக்கு தவறிச் சொன்னால், எதிராளியின் கடிகாரத்தை ஓட விடுவதற்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. நாங்கள் கடிகாரம் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்ததால் தப்பித்தேன்.