முதல்ல கண்ணைப் பாருங்க, அப்புறம் எடையைப் பாருங்க

ஒரு டாக்டரோட வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிட்டீங்க. பார்த்தேன். தலைவலின்னு வந்த குண்டான பொண்ணுகிட்ட "முதல்ல உடம்பைக் குறைம்மா"ன்னு சொல்லி அனுப்புறார். கீழே கமெண்ட்ல அத்தனை சிரிப்பு.

உடல் பருமனுக்கும் தலைவலிக்கும் தொடர்பு இருக்கு. நான் மறுக்கலை. தொடர்பு இருக்கிறதாலதான் கத்துறேன், முதல்ல கண்ணைப் பாருங்க!

என் தங்கச்சிக்குக் காலையில எழுந்ததுமே மண்டை பிளக்கும். குனிஞ்சு கோலம் போட்டு நிமிர்ந்தா கண் இருட்டிடும். "அக்கா, காதுக்குள்ள நாடி துடிக்கிற மாதிரி உஸ் உஸ்னு கேட்குது"ன்னா. போன இடத்துலயெல்லாம் எடை பார்க்கிற மெஷின்ல ஏத்தினாங்க, சோத்தைக் குறைன்னாங்க. ஒருத்தரும் கண்ணுக்குள்ள பார்க்கலை. கண்ணாடி மாத்தப் போன இடத்துலதான் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துட்டு, "கண் நரம்பு வீங்கியிருக்கு, இன்னைக்கே நியூரோ டாக்டர்கிட்ட போங்க"ன்னார். ஸ்கேன்ல கட்டியும் இல்லை, ரத்தக்குழாய் அடைப்பும் இல்லை. முதுகுல ஊசி போட்டு, மூளையையும் முதுகுத்தண்டையும் சுத்தியிருக்கிற நீரோட அழுத்தத்தை அளந்தாங்க. தண்ணி உயரக் கணக்குல 25 செ.மீ.க்கு மேல போனாலே அதிகம். அவளுக்கு அதையும் தாண்டியிருந்தது.

நோயோட பேரு இடியோபதிக் இன்ட்ராகிரேனியல் ஹைப்பர்டென்ஷன். மூளையைச் சுத்தியிருக்கிற நீரோட அழுத்தம் ஏறி, கண் நரம்பை நெருக்கும். குழந்தை பெறுற வயசுல இருக்கிற, எடை கூடின பெண்களுக்குத்தான் அதிகம் வருது. கவனிக்காம விட்டா பார்வை நிரந்தரமாப் போயிடலாம்.

"அப்ப எடையைக் குறைச்சா சரியாகும்தானே?"ன்னு வருவீங்க. ஆமா, எடை குறையறதுதான் முக்கியமான சிகிச்சை. 2021ல வெளியான பிரிட்டன் ஆய்வுல, எடை குறைப்பு வகுப்புக்குப் போனவங்களைவிட எடை குறைய வயித்துல அறுவை சிகிச்சை செஞ்சவங்களுக்கு அழுத்தம் நல்லாவே இறங்கியிருந்தது. ஆனா எடை இறங்க மாசக்கணக்காகும். கண் நரம்பு அதுவரைக்கும் தாங்குமா? அதுக்குத்தான் அந்த நீரழுத்தத்தைக் குறைக்கிற அசிட்டசோலமைட் மாத்திரை. விரலெல்லாம் சுருசுருன்னு குத்த, சோடா குடிச்சாக்கூட சப்புன்னு இருக்க, அழுதுக்கிட்டே முழுங்கினா.

"எல்லாத் தலைவலிக்கும் கண் டாக்டரா?" கண் இருட்டுது, காதுல சத்தம் கேட்குதுன்னா ஆமா, உடனே. "டாக்டர்களைக் குறை சொல்றியா?" அவளைக் காப்பாத்தினவரும் டாக்டர்தான்.

இதே வலியை ஒல்லியான பொண்ணு சொன்னா டென்ஷனா, தூக்கம் இல்லையான்னு நாலு கேள்வியாவது கேட்பீங்க. குண்டான பொண்ணுன்னா பதிலை வாசல்லயே வச்சிருக்கீங்க. கல்யாண வீட்டுப் பந்தியில அவ இலையைப் பார்க்காத சொந்தக்காரங்க உண்டா? அந்தப் பார்வைக்குப் பயந்தே வலியை வெளியில சொல்லாம இருந்திருக்கா. அம்மாகிட்டகூடச் சொல்லலை.

அடுத்த மாசம் அவளுக்குப் பார்வைப் பரப்பு பரிசோதனை இருக்கு, நேரா பார்க்கும்போது சுத்திலும் எவ்வளவு தெரியுதுன்னு பார்க்கிறது. தயவுசெஞ்சு யாரும் இன்பாக்ஸ்ல டயட் சார்ட் அனுப்பாதீங்க.